ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டும் வழிநூல் மரபும்: ஓர் ஆராய்ச்சி

ஏடு பெயர்த்தெழுதும் மரபு அச்சுக்கூடம் வந்ததும் அற்றுப்போயிற்று என்று நூல் வரலாறு எழுதுவோர் சொல்வதுண்டு. அற்றுப்போகவில்லை, இடம் மாறியிருக்கிறது. ஆண்டுதோறும் எட்டாம் செமஸ்டரின் கடைசி வாரங்களில், அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த பொறியியல் கல்லூரிகளின் விடுதி அறைகளிலும் அவற்றை ஒட்டிய ஜெராக்ஸ் கடைகளிலும் அது இரவு பகலாக நடக்கிறது. மூல ஏடு சீனியரின் பென்டிரைவில் வருகிறது. இறுதியாண்டு ரிப்போர்ட் என்பது மாணவர்கள் செய்த ப்ராஜெக்டைப் பற்றிய பதிவு என்றொரு நம்பிக்கை பெற்றோரிடையே நிலவுகிறது. சான்றுகள் அதற்கு இடம் தரவில்லை. ரிப்போர்ட் முந்தைய ரிப்போர்ட்டிலிருந்து பிறக்கிறது. ப்ராஜெக்ட் அதில் பிற்காலத்தார் செய்த இடைச்செருகல் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

தலையாய சான்று, கணினித் துறை ரிப்போர்ட்டுகளில் வரும் ‘ஹார்டுவேர் ரிக்வயர்மென்ட்ஸ்’ பகுதி. பென்டியம் 4 பிராசசர், 512 எம்பி ராம், 40 ஜிபி ஹார்டு டிஸ்க், 15 அங்குல விஜிஏ மானிட்டர், 1.44 எம்பி ஃபிளாப்பி டிரைவ். பென்டியம் 4 சந்தைக்கு வந்தது 2000-இல். ஜப்பானில் சோனி நிறுவனம் ஃபிளாப்பி விற்பனையை நிறுத்தியது 2011-இல். ஆனால் நெற்பயிரின் இலைநோயை டீப் லேர்னிங் மூலம் கண்டறியும் ரிப்போர்ட்டிலும் இந்தப் பட்டியல் அசையாமல் நிற்கக் காணலாம். அந்தக் கணக்கை 512 எம்பி ராமில் ஓட்டினால் அறுவடையே முடிந்துவிடும். ஒரே பிழை ஒரே இடத்தில் இரு படிகளில் இருந்தால் இரண்டுக்கும் தாய்ப்படி ஒன்று என்பது பாட ஆய்வின் பழைய விதி. அவ்விதிப்படி, இந்த ஃபிளாப்பி டிரைவைச் சுமந்துவரும் ரிப்போர்ட்டுகள் அனைத்தும் ஒரே குடும்பம். மின்னணுத் துறையிலோ ஆர்டுயினோ ஊனோவில் இருக்கும் அட்மெகா 328 சிப்பின் 28 கால்களுக்கும் தனித்தனி விளக்கம் உண்டு. ப்ராஜெக்டில் வயர் கண்டவை நாலைந்துதான். இல்லாத படத்தைக் ‘கீழே காண்க’ என்று சுட்டும் வாக்கியங்களைப் பற்றித் தனி நூலே எழுதலாம்.

தொல்காப்பிய மரபியல் நூலை முதல், வழி என்று பிரித்து, வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நான்காக்குகிறது. லிட்ரேச்சர் சர்வே தொகுத்தல்: பத்துக் கட்டுரைகளின் சுருக்கங்கள், ஒன்றை ஒன்று கண்டுகொள்ளாமல் வரிசையில் நிற்கும். வாக்கியத்தை மென்பொருளில் போட்டுச் சொல் மாற்றி எடுப்பது, ஆங்கிலத்திலிருந்து ஆங்கிலத்துக்கே செய்யும் மொழிபெயர்ப்பு. இவற்றினும் அரியது விரித்தல். டைம்ஸ் நியூ ரோமன் எழுத்துரு லண்டன் டைம்ஸ் நாளிதழுக்காக உருவாகி 1932-இல் புழக்கத்துக்கு வந்தது. குறுகிய பத்தியில் நிறையச் சொற்களை அடைப்பதில் அது கெட்டி. அதே எழுத்தை ஒன்றரை வரி இடைவெளியில் பரப்பி, இடப்பக்கம் 35 மில்லிமீட்டருக்குக் குறையாமல் ஓரம் விட்டு, தாளின் ஒரு பக்கம் மட்டும் அச்சடித்து, பதினைந்து பக்க விஷயத்தை அறுபதாக்கும் கலையை அதன் கர்த்தாக்கள் கனவிலும் கண்டிருக்க மாட்டார்கள். பாயிரமும் குறைவில்லை. நன்றியுரையில் தாளாளர், முதல்வர், எச்ஓடி என்று படியிறங்கி, ப்ராஜெக்டை உள்ளபடி பார்த்த ஒரே மனிதரான கைடு வந்து சேர்வதற்குள் பக்கம் முடியப்போகிறது.

இது திருட்டு என்பார் உளர். கருத்துத் திருட்டைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் விதிமுறைகள் கொண்டுவந்தது. பத்து விழுக்காடு வரையான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை என்பது அதில் பலரும் அறிந்த பகுதி. எந்த எழுத்துக்கெல்லாம் இவ்விதி பொருந்தும் என்று வரையறுக்கும் இடத்தில் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுகள் விலக்கப்பட்டிருப்பது பலரும் படியாத பகுதி. மேலும், ‘போனஃபைட் சர்டிபிகேட்’ வாசகத்தைப் பல்கலைக்கழகமே தந்து, தலைப்புக்கும் பெயருக்கும் மட்டும் கோடிட்ட இடம் விடுகிறது. இது மாணவரின் சொந்த வேலை என்று உறுதி கூறும் பக்கத்தையே எழுத்துப் பிசகாமல் படியெடுக்கச் சொன்ன பிறகு, மற்றப் பக்கங்களில் அவர் வேறு முறையைக் கையாண்டால் அதுதான் ஒழுங்கீனம். இனிமேல் சாட்ஜிபிடி எழுதித் தரும், மரபு அறும் என்பது மற்றொரு தடை. அந்த இயந்திரமும் பழைய எழுத்தைப் படித்தே புது எழுத்து எழுதுகிறது. பரம்பரைக்கு வெளியாள் அல்ல. ப்ராஜெக்ட் ஓடுகிறதே, அதற்கென்ன சொல்கிறீர் என்று கேட்போருக்கு: வைவா அன்று எக்ஸ்டர்னல் வரும் நேரத்தில் அது ஓடுவதாகக் கொள்வதற்குப் போதிய சான்று இல்லை.

வழிநூல் மூலத்தோடு ஏதேனும் புதிதாகச் சேர்க்க வேண்டும் என்று நன்னூலார் எதிர்பார்க்கிறார். அதற்கென்றே கடைசி அத்தியாயத்தில் ‘ஃப்யூச்சர் என்ஹான்ஸ்மென்ட்’ வைத்திருக்கிறார்கள்: மொபைல் ஆப் சேர்க்கலாம், கிளவுடில் ஏற்றலாம். அடுத்த பேட்ச் அவற்றைச் செய்து முடித்தால் நூல் இலக்கணப்படி வளரும். அடுத்த பேட்ச் அந்தப் பத்தியையும் சேர்த்தே படியெடுக்கிறது. ஆகவே கிளவுடில் ஏற்றும் வேலை அடுத்த ஆண்டும் எதிர்காலத் திட்டமாகவே பைண்டிங்குக்குப் போகும்.