வேண்டாம் என்றாலும் வரி

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், வடக்கே, கல்காஸ்கா என்று ஓர் ஊர். ஊர் நடுவே டிரவுட் மீனுக்குச் சிலை உண்டு. ஏப்ரல் கடைசியில் அந்த மீனின் பெயரில் திருவிழாவும் நடக்கும். போதாததற்கு, 1990-இல் கல்காஸ்கா மணலை மிச்சிகனின் அதிகாரபூர்வ மாநில மண்ணாகவும் அறிவித்துவிட்டார்கள். மீனுக்கும் மண்ணுக்கும் இவ்வளவு மரியாதை கிடைத்த ஊரில், 1993 மார்ச் 24-ஆம் தேதி பள்ளிக்கூடத்தை இழுத்து மூடினார்கள். பனிப்புயல் இல்லை, கொள்ளைநோய் இல்லை, ஆசிரியர்கள் கொடி பிடிக்கவும் இல்லை. கல்வியாண்டு முடியப் பத்து வாரம் இருக்கையில் கல்லாவில் காசு தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். சுமார் 2,300 பிள்ளைகள் வீட்டுக்குப் போனார்கள். அவர்களில் எத்தனை பேர் அழுதார்கள் என்பதற்குக் கணக்கு இல்லை.

காசு ஏன் தீர்ந்தது? கூடுதல் வரி கேட்டு ஊர் மக்களிடம் வாக்கெடுப்பு வைத்தார்கள். வேண்டாம் என்றார்கள். திரும்ப வைத்தார்கள். திரும்ப வேண்டாம். மூன்றாவது முறையும் கேட்டார்கள். பெண் வீட்டார் கையை விரித்த பிறகும் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு மறுபடி படியேறும் தரகரைப் போல. பதில் மாறவில்லை.

நம் ஊரில் வரியைப் போட்டுவிட்டுச் சொல்வார்கள். அங்கே பள்ளிக்கூட வரி போன்ற சிலவற்றை மட்டும் கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும். இந்த ‘மட்டும்’ முக்கியம். போர்விமானம் வாங்கலாமா என்று யாரும் அமெரிக்கக் குடிமகனை வாக்குச்சாவடிக்கு அழைப்பதில்லை. விண்வெளிக்கு ராக்கெட் விடவும் அவர் அனுமதி தேவையில்லை. பள்ளிப் பேருந்துக்கு டீசல் போடவும் கணக்கு வாத்தியாருக்குச் சம்பளம் கொடுக்கவும்தான் அவர் கையெழுத்து வேண்டும். ஆகவே வாஷிங்டன் மேல் உள்ள கோபம், சாலைக் குழி மேல் உள்ள கோபம், சொல்பேச்சு கேட்காத மருமகன் மேல் உள்ள கோபம் எல்லாம் அந்த ஒரே சீட்டில் வந்து விழும். ‘வேண்டாம்’ என்ற வட்டத்தைப் பேனாவால் அழுத்தி நிரப்பும்போது கிடைக்கும் சுகம் வேறெந்த வரியிலும் கிடைக்காது. அடிக்க வாகாக எட்டுவது பள்ளிக்கூடத்தின் முதுகுதான்.

வரியின் அளவுகோலுக்கு ‘மில்’ என்று பெயர். ஆயிரம் டாலர் மதிப்புக்கு ஒரு டாலர். மிச்சிகனில் சந்தை விலையில் பாதியை மதிப்பாக வைப்பார்கள். ஒரு லட்சம் டாலர் வீடென்றால் மதிப்பு 50,000. ஒரு மில்லுக்கு ஆண்டுக்கு 50 டாலர். அன்றைக்குப் பள்ளிகளுக்கான மாநிலச் சராசரி 34 மில்லை ஒட்டி இருந்தது, அதாவது அந்த வீட்டுக்கு 1,700 டாலர். அதில் பெரும்பகுதி ஊர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தந்தது. கெடு முடிந்தால் புதுப்பிக்கவும் ஓட்டு. வீட்டின் விலை உயர்வான ஊரில் குறைந்த வரியிலேயே ஒரு பிள்ளைக்கு 10,000 டாலர் புரண்டது. ஏழை ஊரில் என்னதான் கசக்கினாலும் 3,500 தேறுவது கஷ்டம்.

கல்காஸ்காவுக்கு நாடு முழுவதிலிருந்தும் கேமராக்கள் வந்து இறங்கின. மீன் சிலைக்கு அத்தனை பேர் வந்ததாகத் தெரியவில்லை. மானம் போவதைத் தலைநகர் லான்சிங்கில் உணர்ந்தார்கள். ஜூன் மாதம் மாநிலம் தழுவி ஒரு சீர்திருத்தத் திட்டத்தை மக்கள் முன் வைத்தார்கள். மக்கள் வழக்கம்போல் வேண்டாம் என்றார்கள். 1970-களிலிருந்து இப்படி ஏறக்குறைய ஒரு டஜன் திட்டங்களை அவர்கள் ஏற்கெனவே குப்பையில் போட்டிருந்தார்கள். கை பழகிவிட்டது.

ஜூலை வந்தது. ஆளுநர் ஜான் எங்லர், குடியரசுக் கட்சி. (அங்கே ஆளுநர் தேர்தலில் ஜெயித்து வருகிறவர்; கோப்புகளின் மேல் உட்கார்ந்திருப்பது அவர் வேலையில்லை.) சொத்து வரியைக் குறைக்கப்போகிறேன் என்பது அவர் தாரக மந்திரம். மாநில செனட்டில் வரிக்குறைப்பு மசோதா விவாதத்தில் இருந்தபோது ஜனநாயகக் கட்சியின் டெபி ஸ்டாபெனோ எழுந்தார். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பானேன், பள்ளிச் செலவுக்கான சொத்து வரியை மொத்தமாகவே ஒழித்துவிடலாமே என்று ஒரு திருத்தம் கொண்டுவந்தார். எதிரணி பயந்து பின்வாங்கும் என்று எண்ணிச் செய்தாரா, மனதாரச் செய்தாரா என்று இன்றுவரை சர்ச்சை. எப்படியானாலும் எங்லரின் ஆட்கள் பின்வாங்கவில்லை. ‘அப்படியே ஆகட்டும்’ என்று கூடவே கை தூக்கிவிட்டார்கள். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வதில் இரு கட்சிகளும் இவ்வளவு ஒற்றுமையாக இருந்தது அபூர்வம். ஒன்றிரண்டு நாளில் இரு அவைகளும் நிறைவேற்றிவிட, ஆகஸ்டில் எங்லர் கையெழுத்துப் போட்டார்.

600 கோடி டாலருக்கு மேல் வருமானம் போயே போச்சு. அதற்குப் பதில் என்ன? சட்டத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பாலத்தை முதலில் இடிப்போம், ஆற்றைப் பிறகு பார்த்துக்கொள்வோம்!

ஆற்றைப் பார்க்க டிசம்பர் ஆகிவிட்டது. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் விடியும்வரை இரவு முழுக்கக் கண்விழித்து, ஊரே பரிசுப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் உறுப்பினர்கள் வரி விகிதங்களைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். விடிந்தபோது ஒரு ஏற்பாடு பிறந்திருந்தது. அதன் சாமர்த்தியத்துக்கு ஒரு சலாம் போடத்தான் வேண்டும்.

1994 மார்ச் 15 அன்று மக்கள் ‘ஏ’ முன்மொழிவுக்கு வாக்களிக்க வேண்டும். ‘சரி’ என்றால் விற்பனை வரி 4 சதவீதத்திலிருந்து 6 ஆகும். சிகரெட் பாக்கெட்டுக்கு 25 சென்ட் வரி 75 ஆகும். ‘வேண்டாம்’ என்றால்? வருமான வரி 4.6-இலிருந்து 6 சதவீதமாகத் தானாகவே ஏறும். அதாவது, இருபது வருஷமாக ‘வேண்டாம்’ என்று சொல்லிச் சுகம் கண்ட ஜனங்களுக்கு, ‘வேண்டாம்’ என்றாலும் வரி! கதவைச் சாத்தினால் ஜன்னல் வழியாக வருவார்கள் என்று தெரிந்ததும் 69 சதவீதம் பேர் கதவைத் திறந்தார்கள். ஒரு பிள்ளைக்குக் குறைந்தது 4,200 டாலர் என்று மாநிலம் உத்தரவாதம் தந்தது. புகைபிடிப்பவர் ஒவ்வொருவரும் கல்வி வள்ளல் ஆனார்.

அத்துடன் வாக்கெடுப்பு ஒழிந்தது என்று நினைத்தால் அது தப்பு. சொந்தக் குடியிருப்புகளுக்கு உள்ளூர்ப் பள்ளி நிர்வாக வரி போயிற்று. ஆனால் கடை, தொழிற்சாலை, வாடகை வீடு, ஏரிக்கரை விடுமுறை வீடு ஆகியவற்றின் மேல் 18 மில் தொடர்ந்தது. அதற்கு ஊர் மக்களின் ஒப்புதல் வேண்டும். கெடு முடியும்போதெல்லாம் புதுப்பிக்கவும் வேண்டும். டெட்ராய்ட்காரர் ஏரிக்கரையில் வீடு கட்டினால் வரி அவருடையது, ஓட்டு உள்ளூர்க்காரருடையது. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று நூற்றுக்கு நூறு ‘சரி’ விழ வேண்டும் அல்லவா? விழுவதில்லை. தன் குடியிருப்புக்கு வரி ஒரு காசுகூட ஏறாது என்று வாக்குச்சீட்டிலேயே அச்சிட்டிருந்தும் ‘வேண்டாம்’ போடுகிறவர்கள் இருக்கிறார்கள். தோற்றால் அந்தத் தொகையை மாநிலம் ஈடுகட்டாது. பள்ளிக்கூடம் துண்டைத் தலையில் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். பள்ளிக் கண்காணிப்பாளரோ பொதுப்பணத்தில் ‘சரி போடுங்கள்’ என்று நோட்டீஸ் அடிக்கக்கூடாது. ‘தகவல்’ மட்டும் தரலாம். ஆகவே, தோற்றால் எந்தெந்தப் பேருந்து நிற்கும் என்ற தகவலை மிகுந்த நடுநிலையோடு தருகிறார்.

இதற்கிடையே ஹெட்லீ திருத்தம் என்று 1978-இல் வந்த ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறது. ஊரில் சொத்து மதிப்பு விலைவாசியைவிட வேகமாக ஏறினால், அனுமதித்த மில் தானாகவே சுருங்கும். 18 என்பது பதினேழே முக்காலாகும், தசமப் புள்ளிக்குப் பின் நான்கு இலக்கத்தோடு. தேய்ந்ததை மீட்க இன்னொரு வாக்கெடுப்பு. இந்தத் தொல்லை வேண்டாம் என்று பல பள்ளி வாரியங்கள் இப்போது முன்னெச்சரிக்கையாக 20 மில் வரை அனுமதி கேட்கின்றன, தேயத் தேய 18 மிஞ்சட்டும் என்று. சட்டப்படி 18-க்கு மேல் வசூலிக்கவே முடியாதே, பிறகு 20 எதற்கு என்கிறார் வாக்காளர். கண்காணிப்பாளர் தண்ணீர் குடித்துவிட்டு, 1978-இலிருந்து ஆரம்பிக்கிறார்.