நாலு சானல் தம்பி

ஊருக்கு ஒரு டிஜே தம்பி இப்போது கட்டாயம் இருக்கிறார். ஊர் கொஞ்சம் பெரிதென்றால் தெருவுக்கு ஒருவர். பகலில் ஏதோ ஒரு கம்பெனியில் வேலை. கழுத்தில் எந்நேரமும் ஹெட்போன். அது காதுக்கு ஏறி யாரும் பார்த்ததில்லை. டீக்கடையில் பாட்டு ஓடினால் மற்றவர்கள் பாட்டைக் கேட்பார்கள். இவர் மட்டும் கண்ணை மூடி, பெஞ்சில் விரலால் தட்டி, "நூத்தி இருபத்தெட்டு" என்பார். நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்று கணக்காம். கடைக்காரர் பாக்கியைத்தான் சொல்கிறார் என்று நினைத்து நோட்டை எடுப்பார்.

முதல் வேலை பெயர் சூட்டல். பெற்றோர் வைத்த பெயர் போஸ்டருக்கு ஒத்துவராது. ஆகவே செந்தில்குமார்கள் 'சென்ஸ்' ஆகிறார்கள். கார்த்திகேயன்கள் 'கார்ட்டெக்ஸ்' ஆகிறார்கள். சுடலைமுத்துகள் பாடுதான் திண்டாட்டம். பெயருக்குப் பிறகு லோகோ, லோகோ போட்ட பனியன், இன்ஸ்டா பக்கம். இத்தனையும் தயாரான பிறகுதான், வாசிக்கக் கருவி என்று ஏதாவது வேண்டுமே என்ற நினைப்பு வரும். அன்றோடு வீட்டில் நிம்மதி போயிற்று.

உண்மையில் ஆரம்பிக்கக் கொஞ்சம்தான் வேண்டும். ஒரு லேப்டாப். வீட்டில் பழகுவதற்கு இலவசமாகவே கிடைக்கிற வர்ச்சுவல் டிஜே மாதிரி ஒரு மென்பொருள். அதோடு இணைக்க, இரண்டு சானல் கன்ட்ரோலர் ஒன்று. புதியவர்களுக்கென்றே பயோனியரும் ஹெர்குலிஸும் நியுமார்க்கும் சின்னதாகச் செய்து விற்கிறார்கள். பெட்டிக்குள் இருக்கும் சவுண்ட் கார்டு சத்தத்தை இரண்டு வழியாகப் பிரித்து அனுப்பும். ஓடுகிற பாட்டு ஸ்பீக்கருக்குப் போகும். அடுத்த பாட்டு டிஜேயின் ஹெட்போனுக்கு மட்டும் வரும். சபை ஒன்றைக் கேட்டு ஆடும்போதே இவர் அடுத்ததைக் கேட்டுப் பதம் பார்த்து வைத்துக்கொள்ளலாம். தொழிலின் பாதி அதுதான். காதை நன்றாக மூடுகிற ஹெட்போன் அதற்காகத்தான். கழுத்து அலங்காரத்துக்கு அல்ல.

இதைத் தம்பியிடம் சொல்லிப் பாருங்கள். "அது பொம்மைண்ணா" என்பார். ஆரம்பித்தால் டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 டர்ன்டேபிள்தான். 1972-ல் வந்தது, 1979-ல் மார்க் 2 வந்தது, 2010-ல் உற்பத்தியை நிறுத்தினார்கள், 2016-ல் திரும்பக் கொண்டுவந்தார்கள் என்று வரலாறு சரளமாக வரும். முதலில் அதை வீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கேட்பவர்களுக்காகத்தான் செய்தார்கள் என்பதை மட்டும் சொல்லமாட்டார். அதில் சுழற்ற இசைத்தட்டு வேண்டுமே என்றால் மூர் மார்க்கெட்டில் பழசு கிடைக்கும் என்பார். ஒரே தட்டு இரண்டு பிரதி வேண்டுமே என்றால் பேச்சு சிடிஜே-3000 என்ற டிஜிட்டல் பிளேயர் பக்கம் திரும்பும். அதில் ஒன்று வாங்கவே லட்சக் கணக்கில் ஆகும். வாங்கினால் ஜோடியாகத்தான் வாங்க வேண்டும்.

அப்பாவை மசிய வைக்க ஒரு நாள் சரித்திரத்தையே எடுத்தார் தம்பி.

"1973 ஆகஸ்ட் 11. நியூயார்க்ல பிராங்ஸ்ப்பா. செட்ஜ்விக் அவென்யூ, 1520-ஆம் நம்பர் அபார்ட்மென்ட். கூல் ஹெர்க்னு ஒருத்தர். தங்கச்சி ஸ்கூல் திறக்கிறதுக்கு முன்னாடி புதுத்துணி வாங்கணும்னு ஒரு பார்ட்டி வச்சா. அதுக்கு அண்ணன்தான் பாட்டு போட்டார். ஹிப்-ஹாப் பொறந்ததே அன்னிக்குத்தான்."

"வசூல்?"

"பொண்ணுங்களுக்கு 25 சென்ட், பசங்களுக்கு 50 சென்ட்."

"பொழைக்கத் தெரிஞ்ச பொண்ணு. சரி, சவுண்டு சாமான் யாருது?"

தம்பி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அவங்க அப்பா வாங்கி வச்சிருந்ததுப்பா."

அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் எழுந்து போனார்.

கடைசியில் கைகொடுத்தது அம்மாவின் சீட்டுப் பணம். நாலு சானல் கன்ட்ரோலர் வந்து இறங்கியது. "ரெண்டு பத்தாதாடா?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரு அலட்சியச் சிரிப்பே பதில். அம்மா குங்குமம் வைக்க வந்தவர், இரண்டு பெரிய வட்டங்களையும் நடுவில் வரிசையாக இருந்த திருகுகளையும் பார்த்துவிட்டு நின்றார்.

"என்னடா இது, கேஸ் அடுப்பு மாதிரி இருக்கு?"

"கன்ட்ரோலர்மா."

"நாலுன்னு சொன்னியே, ரெண்டு பர்னர்தானே இருக்கு?"

"மத்த ரெண்டும் உள்ள இருக்கும்மா. பட்டனை அமுக்குனா இதே வட்டம் மூணாவதுக்கும் நாலாவதுக்கும் மாறிடும்."

"ஒரே நேரத்துல நாலு பாட்டு போடுவியா? யாருடா கேக்கறது?"

இந்தக் கேள்விக்கு உலகத்தில் எந்த டிஜேயும் அம்மாவுக்குத் திருப்தியாகப் பதில் சொன்னதாகத் தெரியவில்லை.

பயிற்சி சிங்க் பட்டனோடு தொடங்கும். அதை அமுக்கினால் இரண்டு பாட்டின் வேகத்தையும் பெட்டியே சமப்படுத்திவிடும் என்பது பேச்சு. கம்ப்யூட்டரில் செய்த ஹவுஸ் பாட்டுகளுக்குச் சமத்தாக வேலை செய்யும். எண்பதுகளின் இளையராஜா பாட்டு ஒன்றைப் போட்டால் கதை வேறு. அங்கே ஆட்கள் கூடி உட்கார்ந்து வாசித்திருக்கிறார்கள். பல்லவியில் ஒரு துளி நிதானம், சரணத்தில் ஒரு துளி துள்ளல். மென்பொருளோ சம இடைவெளியில் கோடு கிழித்து வைத்திருக்கும். பாட்டு கோட்டைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். குத்துப் பாட்டுகளில் பல 6/8-ல் நடப்பவை. 140 என்று கணிக்க வேண்டியதை மென்பொருள் 93 என்று கணித்துவிட்டுப் பேசாமல் இருக்கும். தம்பியும் பேசாமல் இருப்பார். ஆறு மாதம் கழித்தும் அவர் கைவசம் இருந்தது ஹவுஸும் டெக்னோவும் ஒரே ஒரு குத்துப் பாட்டும்தான். அதையும் எங்கிருந்தோ இலவசமாக இறக்கியிருந்தார். பெட்டிக்குப் போட்ட காசில் நூறில் ஒரு பங்குகூடப் பாட்டுக்குப் போடவில்லை. இந்த இனத்தின் மேல் எனக்குள்ள ஒரே மனத்தாங்கல் அதுதான்.

முதல் மேடை அநேகமாக அத்தை மகள் ரிசப்ஷனாகத்தான் இருக்கும். அத்தைக்குக் காசு மிச்சம். தெருவை அடைத்துப் பந்தல். மைக் செட்டு அண்ணன் ஸ்பீக்கரெல்லாம் அடுக்கிவிட்டு, வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு வந்தார்.

"தம்பி, லைன் குடுங்க."

"என்ன லைன்ணே?"

"உங்க பெட்டியில ஆர்சிஏ. என் மிக்ஸர்ல பி-38, இல்லேன்னா எக்ஸ்எல்ஆர். நடுவுல ஒரு வயர் வேணுமில்ல?"

பெட்டி இருக்கிறது, பெட்டிக்கு உறை இருக்கிறது, உறையில் லோகோ இருக்கிறது. வயர் இல்லை. அண்ணன் ஒன்றும் சொல்லாமல் தன் பழைய ரெக்ஸின் பையிலிருந்து ஒரு வயரை உருவி, பின்னை ஊதித் துடைத்துச் சொருகினார்.

தம்பி ஆரம்பித்தார். டெக்னோ மேல் அந்தக் குத்துப் பாட்டை ஏற்றினார். அடுத்த தெருவிலும் கல்யாணமா என்று பெரியப்பா எட்டிப் பார்த்தார். மாலைக் கச்சேரி முடித்துவிட்டு, கையில் கவசம்கூடக் கழற்றாமல் காபி குடித்துக்கொண்டிருந்த தவில்காரர் மட்டும் கவனமாகக் கேட்டார். "தம்பி, ஒண்ணு தகிட தகிடன்னு போகுது. இன்னொண்ணு தகதிமி. ரெண்டையும் எதுக்குக் கட்டி வைக்கறீங்க?" திஸ்ரம், சதுஸ்ரம் என்று அவர் விரல் விட்டுக் காட்டிய விஷயத்தை, தம்பி பார்த்த அத்தனை வீடியோவிலும் ஒருவரும் சொல்லவில்லை.

பதற்றத்தில் தம்பி சத்தத்தைக் கூட்டினார். "சிவப்பு எரியுது, குறைங்க. ட்ரைவர் போயிரும்" என்று அண்ணன் ஓடி வந்தார். ஒரு குட்டிப் பெண் வந்து வேறொரு சினிமாப் பாட்டு கேட்டாள். இல்லை. மாப்பிள்ளையின் சித்தப்பா எம்.ஜி.ஆர். பாட்டு கேட்டார். இல்லை. மணமகளே தோழியை அனுப்பிக் கேட்டாள். அதுவும் இல்லை. "அப்ப இதுல என்னதான் இருக்கு?" என்றார் சித்தப்பா. நாலு சானல் இருந்தது.

மணி 9:20. பந்தலில் நாற்காலிகள் மட்டுமே உட்கார்ந்திருந்தன. அண்ணன் சட்டைப் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து நீட்டினார். அதில் ஃபோல்டர்கள் இருந்தன: சாமி, நலங்கு, எம்ஜிஆர் சிவாஜி, ராஜா, குத்து, சண்டை வந்தால். கடைசி ஃபோல்டரில் என்ன இருக்கும் என்று எனக்கும் தெரிந்துகொள்ள ஆசைதான். அண்ணன் சொல்ல மறுத்துவிட்டார். "பந்தியில இருந்து எழுந்து வராங்க பாருங்க, அந்தப் பசங்க கையைத் துடைக்கிறதுக்குள்ள குத்துல மூணாவதைப் போடுங்க" என்றார். தம்பி போட்டார். ஒரே ஒரு சானலில், மிக்ஸிங் ஏதும் இல்லாமல், ஒன்று முடிந்ததும் அடுத்தது. சித்தப்பா துண்டை இடுப்பில் கட்டினார். அத்தை ஆடினாள். மேடையிலிருந்து மாப்பிள்ளையை இறக்கினார்கள். ஆட்டம் உச்சத்துக்கு ஏறும்போது மணி 10. திறந்த வெளியில் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாதென்பது 2000-ஆம் ஆண்டு விதி. போலீஸ் வண்டி தெருமுனையில் திரும்புவதைப் பார்த்ததுமே அண்ணன் மெயினை அணைத்துவிட்டார்.

மறுநாள் தம்பியின் ஸ்டேட்டஸில் அந்த ஆட்டத்தின் வீடியோ, மேலே லோகோவோடு. பென் டிரைவ் படத்தில் இல்லை. மதியமே கன்ட்ரோலர் விற்பனைக்கு வந்துவிட்டது: 'ஒரே ஒரு முறை உபயோகித்தது. மேல்தாள் இன்னும் உரிக்கவில்லை. பெரிய மேடைகளுக்குப் போவதால் விற்கிறேன்.' சாயங்காலத்துக்குள் பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன் கூப்பிட்டுவிட்டான். கூட வேறென்ன கிடைக்கும் என்று கேட்டான். தம்பி கொஞ்சம் யோசித்து, உறை தருவதாகச் சொன்னார்.

"லோகோவை அழிச்சுக்கலாமாண்ணா?"

"அழிச்சுக்கோ. உன் பேர் என்ன?"

"சுடலைமுத்துண்ணா."