தாலி கட்டும் இடத்தில் டைம்லைன் திக்குவது ஏன்? – ஓர் ஆராய்ச்சியுரை

கல்யாண வீடியோ எடிட் செய்யும் அறைகளில் வழங்கும் நோய்க்கூற்றுகளைத் தொகுத்து நோக்கின் ஒரு விதி புலப்படும்: கம்ப்யூட்டருக்குள் எது விலை அதிகமோ, அதுவே முதல் குற்றவாளி. ‘ஸ்டக் ஆகுதுண்ணே’ என்று எடிட்டர் வாய் திறந்த மாத்திரத்தில் பழி கிராபிக்ஸ் கார்டின் தலையில் விழும். அது தப்பித்தால் பிராசஸர், பிறகு ரேம், அதன்பின் எஸ்எஸ்டி. ‘கேபிளைப் பார்த்தியா?’ என்ற வினா, புதுக் கார்டுக்குப் பணம் கட்டி முடித்த பிறகே எழும். இதற்கு ‘விலைமுறைப் பழி’ எனப் பெயரிடுகிறோம். முன்னோர் எவரும் வகுத்துரைக்காமையின் இதன் உரிமை இக்கட்டுரையாளருக்கே.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட சிக்கல் ஒன்றே. நலங்கு ஓடுகிறது, வரவேற்பு ஓடுகிறது, பந்தியில் பாயசம் ஊற்றுவதுகூட வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தவுடன் படம் திக்குகிறது. இதுபற்றி மூன்று கொள்கைகள் நிலவுகின்றன. சகுனம் சரியில்லை என்பது பெண்ணின் அத்தை கொள்கை. வைரஸ் என்பது உதவியாளன் கொள்கை. ‘நேத்து வரைக்கும் நல்லாத்தானே ஓடுச்சு’ என்பது ஸ்டுடியோ உரிமையாளர் கொள்கை. அதைக் கொள்கை என்பதைவிடப் புலம்பல் எனல் தகும். மூன்றும் பொருந்தா. என்னை? எனின், கூறுதும்.

கேமரா ஒவ்வொரு ஃபிரேமையும் முழுசாக எழுதி வைப்பதில்லை. 2003-இல் வகுக்கப்பட்ட எச்.264 முறையில், பெரும்பாலும் அரை விநாடிக்கோ ஒரு விநாடிக்கோ ஒருமுறைதான் முழுப் படம். இடையில் வருவன எல்லாம் ‘முன்னதிலிருந்து இன்னது மாறிற்று’ என்ற குறிப்புகளே. மொய் நோட்டில் பத்துப் பக்கத்துக்கு ஒருமுறை மட்டும் மொத்தம் போட்டு, நடுப்பக்கத்தைத் திறந்து ‘இதுவரை எவ்வளவு?’ என்று கேட்டால் கணக்குப்பிள்ளை என்ன பாடுபடுவாரோ, அதுவே பிராசஸரின் பாடு. டைம்லைனைப் பின்னோக்கி ஓட்டினால் இரட்டிப்புப் பாடு. தாலி கட்டும் நேரத்திலோ அட்சதை பறக்கிறது, நூறு கைகள் உயர்கின்றன, ஃபிளாஷ் மின்னுகிறது. திரையில் மாறாத இடமே இல்லை. ஆகவே குறிப்புகளும் பெருகுகின்றன. போதாக்குறைக்கு எடிட்டர் அங்கேதான் ஸ்லோமோஷனும், மேலிருந்து ரோஜா இதழ் கொட்டும் எஃபெக்ட்டும் போட்டிருப்பார்.

இவ்வளவும் சேர்ந்தாலும் சுமாரான மெஷின் சமாளிக்கும். உண்மைக் குற்றவாளி வேறு. நலங்குக்கு ஒரு கேமரா, தாலிக்கு மூன்று. மூன்றையும் ஒரே நேரத்தில் மல்ட்டிகேமில் ஓட்டிப் பார்க்கிறார்கள். விநாடிக்கு 100 மெகாபிட்டில் எடுத்த 4கே படம் என்றால், கேமரா ஒன்றுக்கு விநாடிக்கு 12.5 மெகாபைட், மூன்றுக்கு 37.5. இனி மேஜைக்கடியில் குனிக. எக்ஸ்டர்னல் டிஸ்க் சிபியுவின் முன்பக்கத்தில், நீல நாக்கு உள்ள யுஎஸ்பி 3.0 துளையில் அன்றி, பக்கத்திலிருக்கும் கறுப்புத் துளையில் செருகியிருக்கும். அது யுஎஸ்பி 2.0, ஏட்டில் 480 மெகாபிட், நடப்பில் விநாடிக்கு 30 முதல் 40 மெகாபைட். ஒரு கேமரா சுகமாகப் போகும் வழியில் மூன்று கேமரா முட்டிக்கொள்ளும். அத்தையின் சகுனக் கொள்கை இத்துடன் வீழ்ந்தது. (நீல நிறம் எல்லாத் தயாரிப்பாளரும் பின்பற்றும் கட்டாயம் அன்று என்பார் தடையை ஏற்கிறோம்.)

கிராபிக்ஸ் கார்டு முழு நிரபராதி என்றும் சொல்லிவிட முடியாது. சில புதிய கேமராக்கள் 10 பிட், 4:2:2 வண்ணத்தில் பதிகின்றன. அந்த வகை எச்.264-ஐ விரிக்கும் திறன் பல கார்டுகளில் கிடையாது. அப்போது பிராசஸர் வியர்த்து ஊற்றும். பக்கத்தில் அத்தனை விலை கொடுத்து வாங்கிய கார்டு வேடிக்கை பார்க்கும்.

பரிகாரம் பிராக்ஸி. சின்ன அளவில் நகல் எடுத்து, அதில் வெட்டி, கடைசியில் அசலிலிருந்தே எக்ஸ்போர்ட் செய்வது. ‘குவாலிட்டி போயிடும்’ என்று எதிர்ப்போர் இந்தக் ‘கடைசியில்’ என்ற சொல்லைக் காதில் வாங்குவதே இல்லை. வாங்கியவர்களுக்கோ நகல் எடுக்க நேரமில்லை. மாப்பிள்ளை வீட்டார் நாளைக் காலை வருகிறார்கள்.

புறனடையாக இரண்டு. ஹெட்ஃபோனைப் பிடுங்கியதும் படமே நின்றுவிடுவதுண்டு. பல எடிட்டிங் மென்பொருள்கள் ஒலிச் சாதனத்தின் கடிகாரத்தைப் பார்த்தே படத்தை நகர்த்துகின்றன. சாதனம் காணாமற்போனால் ஸ்பேஸ் பாரை எவ்வளவு அடித்தாலும் பயனில்லை. ஆடியோ செட்டிங்கில் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுக்க, ஓடும்.

மற்றது, பழுதே இல்லாத திக்கல். படம் விநாடிக்கு 25 ஃபிரேம். மானிட்டர் விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கிறது. 25-ஆல் 60-ஐ வகுத்தால் 2.4. எனவே சில ஃபிரேம் இருமுறை, சில மும்முறை தங்கும். மண்டப வாசலில் வாழைமரத்திலிருந்து பெயர்ப்பலகைக்கு கேமரா மெல்லத் திரும்பும் ஷாட்டில் இது கண்ணுக்கே தெரியும். மானிட்டர் ஏற்குமாயின் 50-இல் வைத்தால் தீர்ந்தது. இதற்கும் கார்டு மாற்றினோர் உளர்.