ரிட்டயர்டு பெட்ஷீட்டும் ஜப்பான் சாயமும்

எங்கள் மும்பை மாட்டுங்கா வீட்டில் பெட்ஷீட்டுக்குப் பணி விதிகள் உண்டு. வாங்கிய புதிதில் அது விருந்தாளி ஷீட். யாராவது வந்தால்தான் பீரோவை விட்டு இறங்கும். நிறம் மங்கினால் தினசரி டியூட்டி. நடுவில் மெலிந்துபோனால் இஸ்திரிக்கு அடியில் விரிப்பு, அப்புறம் வடாம் காயப்போட, கடைசியில் நாலாகக் கிழிபட்டுக் கரித்துணி. இறங்கலாம், ஏற முடியாது. அம்மாவிடம் சிபாரிசும் செல்லாது.

வடாம் கட்டத்தில் இருந்த வெள்ளைக் காட்டன் ஷீட்டுகளுக்கு ஷிபோரி முறையில் சாயம் போடப் போகிறேன் என்றதும் வீட்டில் விசாரணை தொடங்கியது. துணியை மடித்து, கட்டி, இறுக்கி, சில இடங்களில் சாயம் புகாமல் தடுக்கும் ஜப்பானியக் கலை இது. இப்போது நகோயா நகரத்துக்குள் இருக்கும் அரிமட்சு என்று ஓர் ஊர். 1608-ல் உருவான அந்த ஊர்க்காரர்கள் நெடுஞ்சாலைப் பிரயாணிகளுக்குச் சாயத் துண்டு விற்றே பெயர் வாங்கினார்கள் என்று விளக்கினேன்.

"முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்க்கறதுக்கு ஜப்பானா? சுங்குடின்னா என்னன்னு நெனைச்சிண்டிருக்கேடி?" அம்மா மதுரையில் பிறந்தவள்.

எதிர்வீட்டு குஜராத்தி ஆண்ட்டி எட்டிப் பார்த்தார். அவர் பூர்வீகம் கட்ச். "அரே, இது பாந்தணி!" என்றார். அங்கே பெண்கள் சுண்டுவிரல் நகத்தை நீளமாக வளர்த்து, நகநுனியால் துணியை இம்மி இம்மியாகக் கிள்ளிக் கட்டுவார்களாம். அதோடு விட்டிருக்கலாம். மதுரையில் சுங்குடி கட்டுகிற சௌராஷ்டிரர்கள் நாயக்கர் காலத்துக்கு முன்பின்னாக அங்கே குடியேறியவர்கள் என்று என் வாயில் வந்துவிட்டது. "அப்போ மதுரையும் எங்களோடதுதான்" என்றார் ஆண்ட்டி. அம்மா அன்று காபி கொடுக்கவில்லை.

வீட்டில் சாயம் போடுவதா என்ற அடுத்த ஆட்சேபணைக்கு பாம்பே டையிங்கைத் துணைக்கு அழைத்தேன். 1879-ல் அந்தக் கம்பெனி இதே ஊரில் நூலைக் கையால் மூன்றே மூன்று நிறங்களில் முக்கி, வெயிலில் காயவைத்துத்தான் ஆரம்பித்தது. "அவா ரெண்டாம் மாடியிலயா இருந்தா?" என்று கேட்டாள் அம்மா. அதற்குப் பதில் சரித்திரத்தில் இல்லை.

ஷிபோரியில் அராஷி என்றொரு முறை. துணியைக் கம்பத்தில் சாய்வாகச் சுற்றி, நூலால் இறுக்கி, கீழே தள்ளிச் சுருக்கினால் சாய்ந்து பெய்யும் மழை மாதிரி கோடு விழும். அரிமட்சுவில் இதற்குச் சுமார் 12 அடிக் கம்பம். எங்கள் ஹால் அந்த நீளத்துக்கு ஒத்துவராது. சுவரை இடிக்க சொசைட்டி என்ஓசி தராது. ஆகவே இடாஜிமே. துணியைக் கொசுவம் போல மடித்து, இரண்டு பலகைகளுக்கு நடுவில் வைத்து கிளாம்ப் போட வேண்டும். பலகை அழுத்தின இடம் வெள்ளையாகவே நிற்கும். கொலுப் படிப் பலகையைக் கேட்டேன். அம்மா பார்த்த பார்வையே பதில். எங்கள் சப்பாத்திப் பலகை ஒன்று, ஆண்ட்டியுடையது ஒன்று என்று முடிவானது. அன்று இரண்டு வீட்டிலும் சப்பாத்தி கிடையாது.

சாயத்துக்கு அவுரி. திண்டிவனம் பக்கம் இன்றும் விளைகிறது. மாட்டுங்காவில் நாட்டு மருந்துக் கடைக்காரர் என் வகிட்டைப் பார்த்துவிட்டு, பரிவோடு ஒரு பாக்கெட்டை நீட்டினார். அது தலைக்குப் போடும் இலைப்பொடி. துணிக்கு வேண்டியது இலையை ஊறவைத்துப் பிரித்தெடுத்த நீலம். அதைத் தனியாகத் தேடிப் பிடித்தேன். அந்த நீலம் தண்ணீரில் சுலபத்தில் கரையாது. நீலம் ஒரு பங்கு, சுண்ணாம்பு இரண்டு, வெல்லம் மூன்று என்று வெந்நீரில் கலந்து மூடி வைத்தால், வெல்லமும் சுண்ணாம்பும் சேர்ந்து அதைக் கரைய வைக்கும். "வெல்லம், சுண்ணாம்பு... சீமந்தமா?" என்றாள் அம்மா. எவர்சில்வர் வாளிக்குத் தடை இருந்ததால் தாராவி கும்பார்வாடாவில் மண்பானை வாங்கிவந்தேன். அங்கிருக்கும் குயவர்களும் சௌராஷ்டிரத்திலிருந்து வந்தவர்கள் என்று ஆண்ட்டி ஞாபகப்படுத்தினார். தன் குஜராத் இல்லாமல் ஜப்பான் ஒரு அடி நகராது என்பது அவர் கட்சி.

சாயம் தயாரானால் மேலே செம்பு நிறத்தில் ஏடு படியும். கீழே மஞ்சள் கலந்த பச்சை. முக்கி எடுத்ததும் துணியும் பச்சைதான். "நீலம்னு சொன்னியே?" என்று அம்மா தொடங்கி முடிப்பதற்குள், காற்றுப் பட்ட மடிப்புகள் ஓரத்திலிருந்து நீலமாக மாறத் தொடங்கின. அம்மாவும் ஆண்ட்டியும் வாயடைத்து நின்றது இந்த முயற்சியில் எனக்குக் கிடைத்த ஒரே நிம்மதி. முக்கி முக்கிக் காற்றில் விட்டால் நீலம் ஏறிக்கொண்டே போகும். அலச மட்டும் கார்ப்பரேஷன் தண்ணீர் வரும் நேரத்துக்குக் காத்திருக்க வேண்டும். கீழ்வீட்டு மாமாவின் பூஜை வேஷ்டி காய்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் பால்கனியில் உதறினேன்.

பிரித்தபோது நீலத்தின் நடுவே வரிசை வரிசையாக வெள்ளை வட்டங்கள். பலகை வட்டம் அல்லவா!

அடுத்த ஞாயிறு செம்பூரிலிருந்து மாமா வந்தார். கட்டிலைப் பார்த்ததும், "பேஷா இருக்கே, எங்க வாங்கினது? சுங்குடியா?" என்றார்.

"ஜப்பான்" என்றாள் அம்மா, கூசாமல். கேட்காமலே விலையும் சொன்னாள்.

பாத்திரம் திருப்பிக் கொடுக்க வந்து கதவோரம் நின்ற ஆண்ட்டி, பாந்தணி என்று வாயைத் திறப்பார் என்று பயந்தேன். திறக்கவில்லை. மாமா போனபிறகு, நீலம் பிடித்த தன் சப்பாத்திப் பலகைக்கும் ஜப்பான் விலைதான் என்று மட்டும் சொன்னார்.