விஷத்துக்குப் பச்சை பெயின்ட்

வங்கதேசத்து ஏழைகள் குளத்துத் தண்ணீரைக் குடித்துக் காலராவில் செத்தார்கள். 1970-களில் அரசும் யுனிசெஃபும் புண்ணியம் கட்டிக்கொள்ளக் கிளம்பின. ஊர்தோறும் அடிபம்பு. குளத்தில் கிருமி, பூமிக்கடியில் சுத்தம் என்றார்கள். கிருமி இல்லைதான். ஆர்சனிக் இருந்தது. இமயமலையிலிருந்து ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய வண்டலோடு வந்த நஞ்சு. நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை.

எல்லைக்கு இந்தப் பக்கம், 1983-லேயே கல்கத்தாவின் தோல் மருத்துவர் கே.சி. சாஹா நோயாளிகளைப் பார்த்து, ஆர்சனிக் என்று சொல்லிவிட்டார். விஷத்துக்கு விசா தேவைப்படவில்லை. தகவலுக்குத்தான் தேவைப்பட்டது போலிருக்கிறது. 1992-இல் பிரிட்டிஷ் புவியியல் ஆய்வகம் வங்கதேசத்துக் கிணற்று நீரில் என்னென்னவோ தனிமங்களைத் தேடியது. ஆர்சனிக்கைத் தேடவில்லை. பாதிக்கப்பட்டவர் ஒருவர் இதற்காக லண்டனில் வழக்குப் போட்டார். ஆய்வகத்துக்கு உங்கள்மேல் எந்தக் கடமையும் இல்லை என்று 2006-இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை கைகழுவியது. நல்ல தண்ணீரில்தான் கழுவியிருப்பார்கள்.

டாக்கா அரசு சும்மா இருந்ததா? பெயின்ட் வாங்கியது. சுமார் 50 லட்சம் கிணறுகளைச் சோதித்து, நல்லதற்குப் பச்சை, நஞ்சுக்குச் சிவப்பு அடித்தார்கள். ஏறக்குறைய 14 லட்சம் சிவப்பு. பச்சையின் லட்சணத்தையும் கேளுங்கள். லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் ஆகாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வங்கதேச வரம்பு 50. நாற்பது இருந்தாலும் பச்சைதான்! தண்ணீரை மாற்றுவதைவிட வரம்பைத் தாராளமாக வைத்துக்கொள்வது சிக்கனம். பிறகு பெயின்டும் உதிர்ந்தது. அதே பம்பில் அதே குடம்.

பரிகாரம் இல்லாமல் இல்லை. 150 மீட்டருக்குக் கீழே துளை போட்டால் பெரும்பாலும் நல்ல தண்ணீர். அரசே போட்டது. எங்கே? புதிய கிணறுகளில் பாதியை எங்கே தோண்டுவது என்பதில் எம்.பி.க்களுக்குச் செல்வாக்கு இருந்தது. அவை அரசியல்வாதிகளின் ஆதரவாளர்கள் வீட்டு முற்றத்துக்குப் போய்ச் சேர்ந்ததை 2016-இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அம்பலப்படுத்தியது. விஷம் பொதுச்சொத்து. நல்ல தண்ணீர் கட்சிச்சொத்து.

மற்றவர்களுக்கு உள்ளங்கை காய்த்துப்போகிறது. உடம்பெல்லாம் கரும்புள்ளி. அப்படிப் புள்ளி விழுந்த பெண்ணைக் கட்டிக்கொள்ள ஆள் வருவதில்லை. பல வருஷம் கழித்துத் தோலிலும் நுரையீரலிலும் சிறுநீர்ப்பையிலும் புற்றுநோய். ஆண்டுக்குச் சுமார் 43,000 பேர் இதில் சாவதாக ஒரு மதிப்பீடு. வங்கதேசக் கிணறுகளில் ஆர்சனிக் இருப்பது 1993-இல் உறுதியானது. முப்பது வருஷத்துக்கு மேலாக, விலாசம் தெரிந்தே நடக்கிற கொலை இது.