மே மாதத்து அண்ணாச்சி

"கோயில்ல ஃபேன் ஓடுதாவே?"

மார்ச் மாதத்தில் ஏதாவது ஒரு ராத்திரி எங்கள் சபைச் செயலாளருக்குச் சென்னையிலிருந்து இப்படி ஒரு போன் வந்தால், அண்ணாச்சி செந்தூர் எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டுவிட்டார் என்று அர்த்தம். முன்பெல்லாம் இந்த போன் ஜனவரியிலேயே, வாசலில் கட்டிய கிறிஸ்மஸ் நட்சத்திரத்தைக் கழற்றுவதற்குள் வந்துவிடும். 2024 நவம்பரில் ரயில்வேக்காரர்கள் 120 நாள் முன்பதிவை 60 நாளாகக் குறைத்தார்கள். அதில் நாட்டுக்கு என்ன லாபமோ தெரியாது, எங்கள் செயலாளருக்கு இரண்டு மாத நிம்மதி.

"ஓடுது அண்ணாச்சி, நல்லா ஓடுது" என்பார் செயலாளர்.

கோயிலில் பதினான்கு ஃபேன் இருக்கிறது. அண்ணாச்சி கேட்பது ஒன்றே ஒன்றைத்தான். தெற்கு வரிசையில் மூன்றாவது. அதன் ஒரு இறக்கையில் அவருடைய அப்பாவின் பெயர், அடுத்ததில் 'ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்', மூன்றாவதில் 'நினைவாக, குடும்பத்தார்'. ஃபேன் ஓடினால் பெயர் தெரியாது. பெயர் தெரிந்தால் காற்று வராது. இந்தத் தர்மசங்கடத்துக்கு அண்ணாச்சி கண்ட வழி, ஆராதனைக்கு அரைமணி நேரம் முன்னதாகவே வந்து, கோயில்பிள்ளை சுவிட்சு போடுவதற்குள் பேரப்பிள்ளைகளை ஃபேனுக்கு அடியில் நிறுத்தி அண்ணாந்து பார்க்க வைப்பதுதான். பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டத் தெரியாது. அவரே வாசித்துக் காட்டுவார்.

அண்ணாச்சி என்று ஒருமையில் எழுதுகிறேனே தவிர, நாசரேத், சாயர்புரம், மெஞ்ஞானபுரம், முதலூர் என்று தேரி என்கிற செம்மணல் காட்டைச் சுற்றி எந்தச் சபையில் விசாரித்தாலும் இரண்டு மூன்று பேர் கிடைப்பார்கள். ஊரில் பிறந்து, மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, பாங்கிலோ துறைமுகத்திலோ ரயில்வேயிலோ முப்பத்தைந்து வருஷம் கையெழுத்துப் போட்டு, தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஃப்ளாட்டோடு ஓய்வு பெற்றவர்கள். மே மாதம் இருபத்தைந்து நாள் ஊருக்கு வருவார்கள். வருகிறார்கள் என்பதுகூடச் சரியில்லை, மேற்பார்வையிட இறங்குகிறார்கள்.

வெள்ளைக்காரப் பாதிரிமார் கோடை வந்தால் மலை ஏறினார்கள். அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் 1845இல் கொடைக்கானலில் முதல் இரண்டு வீடுகளைக் கட்டியதே வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பத்தான். பல பத்து வருஷம் இடையன்குடி வெயிலைத் தின்ற கால்டுவெல்கூட 1891இல் கொடைக்கானலில்தான் கண்ணை மூடினார். கீழே கொண்டுவந்து அவர் கட்டிய கோயிலிலேயே அடக்கம் செய்தார்கள். அந்தப் பாதிரிமாரிடம் ஞானஸ்நானம் பெற்றவர்களின் பேரனுக்குப் பேரன் நேர் எதிர்த்திசையில் புறப்படுகிறார். ஏசி அறையைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, கத்திரி வெயிலில், செம்மணல் செருப்பைத் தாண்டிச் சுடுகிற மாதம் பார்த்து வருகிறார்.

அவர் வருகிறார் என்பதற்காகவே ஊரில் எல்லாம் மே மாதத்தில் நடக்கிறது. கல்யாணம், பெண் பார்த்தல், பாகப்பிரிவினைச் சண்டை, பிரதிஷ்டைப் பண்டிகை, அசனம் என்கிற சபை விருந்து. எங்கள் கோயிலை உள்ளபடியே பிரதிஷ்டை செய்தது டிசம்பர் மாதத்தில். பழைய பதிவேட்டில் பார்த்திருக்கிறேன். டிசம்பரில் பண்டிகை வைத்தால் யார் வந்து ஏலம் கேட்பார்கள்? ஆகவே கோயிலுக்குப் பிறந்தநாள் மே மாதம். பெரிய வெள்ளி மும்மணி ஆராதனைக்கும், ஈஸ்டர் அதிகாலை நாலு மணி ஆராதனைக்கும் அண்ணாச்சி வருவதில்லை. அப்போது பேரப்பிள்ளைகளுக்குப் பரீட்சை.

அப்பா உட்கார்ந்த பெஞ்சில்தான் அவரும் உட்காருவார். மற்ற பதினொரு மாதமும் அந்த இடத்தில் வாழைத்தோட்டக்காரர் ஒருவர் உட்காருகிறார். மே முதல் ஞாயிறன்று யாரும் சொல்லாமலே எழுந்து இரண்டு பெஞ்சு பின்னால் போய்விடுவார். குடியிருப்பவருக்குத் தெரியாதா, வீட்டுக்காரர் எப்போது வருவார் என்று?

பாமாலை அண்ணாச்சிக்கு எண்ணோடு மனப்பாடம். பழைய ராகத்தில், பழைய வேகத்தில் பாடுவார். கீபோர்டு வாசிக்கிற பையன் ரிதத்தைப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்க, அண்ணாச்சி ஒரு வரி பிந்தி, தலைநிமிர்ந்து, சரியான பாதையில் தான் மட்டுமே போகிறவரைப்போல வருவார். எல்லாரும் ஆமென் சொல்லி உட்கார்ந்த பிறகும் அவருடைய ஆமென் மட்டும் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருக்கும்.

ஆராதனை முடிந்து வாசலில் ஐயர், அதாவது சபைப் போதகர், கைகொடுக்கும்போது கோயிலுக்கு வெளியே ஒரு வரிசை தேங்கும். அண்ணாச்சி கையை விடமாட்டார்.

"ஐயா, பிரசங்கம் ரொம்ப ஆசீர்வாதமா இருந்துது. எங்க மெட்ராஸ் சபைல இருபது நிமிஷம்தான். கரெக்டா முடிச்சிருவாங்க."

என் சித்தி மகன் சென்னையில் அதே சபையில் இருக்கிறான். அவன் சொல்வது வேறு. அங்கே வாசலில் அண்ணாச்சி பிடித்துக்கொள்வது அந்த ஊர் ஐயர் கையை. "எங்க ஊர்க் கோயில்ல ஐயர் ஒரு மணி நேரம் பிரசங்கம் பண்ணுவாரு, ஒருத்தர் அசைய மாட்டாங்க" என்பாராம். இரண்டு சபைகளும் அவரால் திருந்தாமல் இருக்கின்றன.

மே இரண்டாம் வாரம் ஆலோசனைகள் தொடங்கும். பாட்டு வரிகளைத் திரையில் போட வேண்டும். முற்றத்துக்குக் கல் பதிக்க வேண்டும். அசனத்தில் புஃபே வைத்தால் என்ன? எங்கள் கமிட்டிக்கு இதற்கெல்லாம் ஒரே பதில்தான்: "செஞ்சிருவோம் அண்ணாச்சி." இந்த வார்த்தையில் மறுப்பு கிடையாது, தேதியும் கிடையாது. போன வருஷம் மூன்றாவது தடவையாக இரும்புக் கேட்டைப் பற்றிப் பேச்சு வந்தபோது அண்ணாச்சிக்குக் கோபமே வந்துவிட்டது.

"இடையன்குடிக் கோயில 1847ல ஆரம்பிச்சு 1880ல முடிச்சாரு கால்டுவெல் ஐயரு. ஒரு கேட்டு போட உங்களுக்கு எத்தன வருஷம்வே?"

"அவருக்கு முப்பத்திமூணு ஆச்சுல்லா? நீங்க சொல்லி மூணுதான் ஆகுது அண்ணாச்சி. இன்னும் முப்பது கிடக்கு" என்றார் செயலாளர், ரொம்பப் பணிவாக.

ஒன்று சொல்லிவிட வேண்டும். பெண்களுக்குக் கழிப்பறை கட்டியதும் அண்ணாச்சி சொல்லித்தான். பாதிப் பணம் அவர் கொடுத்தது. இருபது வருஷமாக ஊரிலேயே இருந்த எங்களுக்கு அது தோன்றவில்லை. திருமண்டலத் தேர்தலைப் பற்றியும் அவருக்கு ஆலோசனைகள் உண்டு. அவற்றை இங்கே எழுதமாட்டேன். எனக்கு இந்த ஊரில் வீடு இருக்கிறது.

மாத நடுவில் விபிஎஸ். விடுமுறை வேதாகமப் பள்ளி என்று முழுப்பெயர் சொன்னால் எங்கள் பிள்ளைகளுக்கே புரியாது. பத்து நாள் பாட்டு, கைத்தட்டல், கதை, கலர் பென்சில், பதினோரு மணிக்கு ரஸ்னாவும் பிஸ்கட்டும். மதவேறுபாடு பார்க்காமல் தெருப்பிள்ளைகள் அத்தனையும் வரும்; பிஸ்கட்டுக்கு ஏது மதம்? கடைசி நாள் காகிதக் கொடி பிடித்து ஊர்வலம். அன்றைக்கு அண்ணாச்சி சிறப்பு விருந்தினர். அவர் தவறாமல் சொல்கிற கதை ஒன்று உண்டு. 1898இல் நியூயார்க்கில் எலிசா ஹாவ்ஸ் என்ற அம்மையார் தெருவில் திரிகிற பிள்ளைகளைச் சேர்த்து இப்படியொரு கோடைப் பள்ளி நடத்த ஆசைப்பட்டார். இடம் கிடைக்கவில்லை. கடைசியில் ஒரு பீர் கடையை வாடகைக்குப் பிடித்து அதில் நடத்தினார். கதை உண்மைதான். ஆனால் "பீர் கடை" என்ற இடத்தில் ஐயருக்கு இருமல் வரும். போன வருஷம் முதல் வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, "அப்போ குடிச்சவங்கல்லாம் எங்க போனாங்க தாத்தா?" என்று கேட்டான். அண்ணாச்சி யோசித்தார். வரலாற்றில் அதற்குப் பதில் இல்லை. பரிசு கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

பண்டிகைச் சனிக்கிழமை சாயங்காலம் ஏலம். முதல் பலன் என்று ஜனங்கள் கொண்டுவந்து வைத்தது எல்லாம் பந்தலில் குவிந்திருக்கும்: வாழைத்தார், பூசணி, ஒரு பானை பதனீர், கருப்பட்டிச் சிப்பம், கால் கட்டிய சேவல், முருங்கைக்காய்க் கட்டு. ஏலம் போடுகிறவர் எங்கள் கோயில்பிள்ளை. ஆராதனையில் அவர் குரலை யாரும் கேட்டதில்லை. மணியடிப்பதும் மெழுகுவர்த்தி ஏற்றுவதும்தான் வேலை. அந்த ஒரு சாயங்காலம் மட்டும் அவர் கையில் மைக்.

நல்ல ஏலக்காரன் பொருளை விற்பதில்லை, ஆளை விற்பான். வாழைத்தாரை விலைக்குத் தக்கபடி சீக்கிரம் தள்ளிவிடுவார். அவருடைய கண் முட்டை மேல். ஒரு வருஷம் வடக்குத் தெருக் கிழவி ஒருத்தி தன் நாட்டுக்கோழியின் முட்டையைத் துணியில் முடிந்து கொண்டுவந்திருந்தாள்.

"முட்டை! ஒரே முட்டை! பத்து ரூவா!"

யாரோ இருபது என்றார்கள்.

"இருபது! ஹெட்மாஸ்டர் ஐயா வீட்டுல யாரும் வரலியோ?"

அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். "ஐநூறு."

"ஹெட்மாஸ்டர் ஐயா மகன் ஐநூறு! பம்பாய் எழுநூறு!"

பம்பாய் அண்ணாச்சி வாயே திறக்கவில்லை. மூக்கைச் சொறிந்தார், அவ்வளவுதான். ஆனால் ஊர் கேட்டபிறகு இல்லை என்று எப்படிச் சொல்வது? அதுவும் எட்டாம் வகுப்பில் தன்னைவிட ஐந்து மார்க் கூட வாங்கினவன் எதிரே நிற்கும்போது? ஆயிரம் ஆனது. ஆயிரத்து ஐநூறு. அண்ணாச்சியின் மனைவி அவருடைய சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தது எனக்குத் தெரிந்தது. இழுக்க இழுக்கத் தொகை ஏறியது. மூவாயிரத்து நூறில் "மூணுதரம்!"

அண்ணாச்சி முட்டையை வாங்கி, எல்லாரும் பார்க்கும்படி உயர்த்தி, "கோயிலுக்கே! திரும்ப ஏலம் விடுங்க" என்றார். இரண்டாம் சுற்றில் பம்பாய் அண்ணாச்சி மூவாயிரத்து இருநூறுக்கு எடுத்தார். அவரும் திருப்பிக் கொடுத்தார். மூன்றாம் சுற்றில் ஆட்டம் ஓய்ந்துபோய்ப் பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன் பதினைந்து ரூபாய்க்கு எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினான். ஆம்லெட் என்று கேள்வி. ஒரு முட்டை, சபைக்கு 6,315 ரூபாய். கோயிலில் மழைக்கு முன்னால் ஓடு மாற்றுவது இப்படித்தான்.

கிழவி மட்டும் பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஐயா, என் கோழி காதுல இது விழாமப் பாத்துக்கோங்க. நாளைக்கே கூலி கேக்கும்" என்றாள்.

மறுநாள் அசனம். தலைக்கட்டு வரி போட்டு, ஆடு அடித்து, கோயிலுக்குப் பின்னால் அடுப்பு வெட்டி, வேப்பமரத்தடியில் பெரிய வட்டாக்களில் குழம்பு கொதிக்கும். சோற்றை ஓலைப்பாயில் கொட்டி ஓலைப்பெட்டியில் அள்ளுவார்கள். அண்ணாச்சி வெள்ளைச் சட்டையில், கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி வட்டா பக்கம் வந்து நிற்பார். சமையல்காரர் அனுபவஸ்தர். உப்புப் போடுவதற்கு முன்னாலேயே ஒரு கரண்டி எடுத்து நீட்டுவார்.

"உப்பு கம்மியால்லா இருக்கு?"

"போட்டிருதேன் அண்ணாச்சி."

கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு கரண்டி. "ஆங், இப்பதான் சரி!" என்று அண்ணாச்சி நகருவார். இரண்டு பேருக்கும் திருப்தி. அந்தக் குழம்பு நன்றாக இருப்பதில் அவருக்கும் பங்கு உண்டு என்று அவர் நம்புகிறார். சமையல்காரர் மறுப்பதில்லை.

ஐயர் ஜெபம் செய்து முடித்ததும் பந்தி. கமிட்டிக்காரர்கள் பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்தார்கள். அண்ணாச்சி வேண்டாமென்று தரையில் உட்கார்ந்தார்; எழுப்பிவிட இரண்டு பையன்கள் வேண்டியிருக்கும் என்பது அவருக்கும் தெரியும். அந்த முட்டைக் கிழவிதான் அந்த வரிசைக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டு வந்தாள். இவருக்கு முன்னால் நின்று கண்ணை இடுக்கிப் பார்த்து, "ஏ மூக்கா, வந்திட்டியாலே? இன்னுங் கொஞ்சம் வாங்கிக்கோ" என்றாள். சிறுவயதில் ஓயாமல் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்ததற்கு வைத்த பெயராம். நாற்பது பேருக்கு முன்னால் அந்தப் பெயரைக் கேட்ட அண்ணாச்சி இலையை இன்னும் கொஞ்சம் நகர்த்திக் கொடுத்தார். மெட்ராஸ் சபையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் அவர் சாப்பிட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மே முப்பதாம் தேதி காலை அப்பா கல்லறைக்குப் போய்ச் சுண்ணாம்பு காய்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். சாயங்காலம் கார் நிறையச் சாமான்: கருப்பட்டி, முதலூர் மஸ்கோத் அல்வா, தூக்குச்சட்டியில் துணி கட்டி அசனக் குழம்பு. சென்னையில் அதை ஃப்ரீசரில் வைத்து ஆகஸ்டு வரை கரண்டி கரண்டியாகச் சாப்பிடுவார் என்று சித்தி மகன் சொல்கிறான். "அடுத்த வருஷம் கேட்டு" என்றார் காரில் ஏறும்போது. "செஞ்சிருவோம் அண்ணாச்சி" என்றார் செயலாளர்.

ஜூன் முதல் ஞாயிறு, கோயிலில் நாற்பது பேர்தான் இருந்தோம். வாழைத்தோட்டக்காரர் தன் பழைய இடத்துக்குத் திரும்பியிருந்தார். இரண்டாம் பாமாலை பாடிக்கொண்டிருக்கும்போது தெற்கு வரிசை மூன்றாவது ஃபேன் ஒரு முனகல் முனகி, மெல்லச் சுற்றி, நின்றுவிட்டது. ஹெட்மாஸ்டர் ஐயா பெயர் தலைக்கு மேலே தெளிவாகத் தெரிந்தது. தோட்டக்காரர் அண்ணாந்து பார்த்துவிட்டு, பாட்டுப் புத்தகத்தால் விசிறிக்கொண்டே பாடினார்.

ஆராதனை முடிந்ததும் கோயில்பிள்ளை செயலாளரிடம் போய்ச் சொன்னார்: "ஐயா, அந்த ஃபேனு காயில் போயிட்டு போலுக்கு."

"கிடக்கட்டும்" என்றார் செயலாளர். "மார்ச்சுல போன் வரும்லா."