கால் கிலோ எங்கே போச்சு?

சாப்பிட்டு, பாயை விரித்து, விளக்கை அணைக்கப் போகும் நேரத்தில்தான் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் ஞாபகம் வரும். ஏழாவது படிக்கும் என் மகள் அறிவியல் நோட்டோடு வந்து நின்றாள். வீட்டில் நடக்கும் பத்து மாற்றங்களை எழுதி, எது இயற்பியல் மாற்றம், எது வேதியியல் மாற்றம் என்று பிரிக்க வேண்டுமாம். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு ரெண்டு கட்டம் தயாராக இருந்தது. உள்ளே ஒரு எழுத்து இல்லை.

"இவ்ளோதானா?" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது.

நான் படித்தபோது எங்கள் வாத்தியார் வாயில் இதெல்லாம் பௌதிக மாற்றம், ரசாயன மாற்றம். இப்போது இயற்பியல், வேதியியல். பெயர்தான் மாறியிருக்கிறது, சரக்கு அதேதான். அதனால் முதல் வரியில் இதையே இயற்பியல் மாற்றம் என்று எழுதிவிடலாமா என்று கேட்டேன். மகள் சிரிக்கவில்லை.

"சரி, கேட்டுக்கோ. திரும்பப் பழையபடி ஆக்க முடிஞ்சா இயற்பியல். முடியலன்னா வேதியியல். ஐஸ் உருகுது, திரும்பவும் உறையுது, இடது பக்கம் எழுது. பேப்பர் எரிஞ்சு சாம்பலாவுது, வலது பக்கம் எழுது."

"ஆயா காலையில அரிசிய மிக்ஸில அரைச்சாங்க. அந்த மாவத் திரும்ப அரிசி ஆக்க முடியுமாப்பா?"

முடியாது.

"அப்ப அது வேதியியலா?"

அதுவும் இல்லை. மாவும் அரிசிதான், பொடியாகியிருக்கிறது, அவ்வளவே. நாற்பது வருஷமாக நான் நம்பி வந்த சட்டத்தை ஏழாம் வகுப்பு ஒன்றரை நிமிஷத்தில் கவிழ்த்துவிட்டது. விட்டுக்கொடுக்காமல் வேறு சட்டம் போட்டேன். புதுசாக ஒரு பொருள் உண்டானால் வேதியியல், இல்லாவிட்டால் இயற்பியல். (பிறகு புத்தகத்தைப் புரட்டினால் அதிலும் அப்படித்தான் இருந்தது. திரும்புவது, திரும்பாததெல்லாம் அடையாளங்களில் ஒன்று, சட்டம் இல்லை.) இதன்படி உளுந்தும் அரிசியும் அரைபட்டது இடது. ராத்திரியெல்லாம் கிருமிகள் வேலை செய்து, புளிப்பும் காற்றும் உண்டாகி, மாவு பாத்திரத்தை விட்டு வழிந்தது வலது. தயிர் கடைந்தால் வெண்ணெய் திரள்வது இடது. பாலில் இருந்த கொழுப்புதான் ஒன்று சேருகிறது. அந்த நேரம் பார்த்துத் தாழி உடைந்தால் அதுவும் இடதுதான். அதற்கப்புறம் வீட்டில் நடப்பது வலது.

இந்தக் கட்டத்தில் கரண்ட் போனது. மாதா மலைக்குப் போனபோது வாங்கி, ஏற்றாமல் கொண்டுவந்த மெழுகுவர்த்தி ஒன்று அலமாரியில் இருந்தது. ஏற்றினோம். மெழுகு உருகி வழிகிறது, இடது. திரி முனையில் ஆவியாகி எரிகிறது, வலது. "ஒரே மெழுகுவர்த்திய ரெண்டு கட்டத்திலயும் எழுதலாமா?" என்று கேட்டாள். லண்டனில் மைக்கேல் ஃபாரடே என்ற விஞ்ஞானி 1848-இல் பிள்ளைகளுக்கு முன்னால் இதே மெழுகுவர்த்தியைக் கொளுத்தி வைத்துத்தான் பேசினார். பிற்பாடு மறுபடியும் பேசி, அது 1861-இல் புத்தகமாகவும் வந்தது. ஒரு மெழுகுவர்த்திக்கு ஆறு சொற்பொழிவு. எனக்கு ஒரு வரிக்கே மூச்சு முட்டியது.

இருட்டில் பாயில் படுத்திருந்த ஆயா, அதாவது என் அம்மா, பேசினாள். "பட்டு வேக வைக்கிறத எழுதுடி. உங்கப்பன் அதுல பண்ண கூத்தையும் சேத்து எழுது."

கூத்து என்னவென்று நானே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் சேத்துப்பட்டு. பெயரைக் கேட்டதும் எழும்பூருக்கும் நுங்கம்பாக்கத்துக்கும் நடுவில் மின்சார ரயில் நிற்கிற இடத்தை நினைத்துக்கொள்ளாதீர்கள். எங்களுடையது திருவண்ணாமலை மாவட்டத்துச் சேத்துப்பட்டு. பெயர் ஒன்று, சேர்மானம் வேறு. தேவிகாபுரம், முள்ளிப்பட்டு என்று சுற்றுவட்டாரத்தில் எந்த ஊர்த் தறியில் நெய்தாலும் புடவைக்குப் பெயர் ஆரணிப் பட்டுதான். எங்கப்பா குழித்தறியில் உட்கார்ந்து நெய்தார். அம்மா தார் சுற்றினாள். எனக்குக் கால் மிதிக்கும் கைக்கும் ஒத்துவராததால் பட்டுக் கடை ஒன்றில் கணக்கு எழுதப் போனேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். பெங்களூர் பக்கமிருந்து கோராப் பட்டு வந்தது. வைக்கோல் மாதிரி மொரமொரப்பு, மங்கின வெண்ணெய் நிறம், பார்த்தால் பட்டென்று யாரும் சொல்ல மாட்டார்கள். பத்து கிலோ எடை போட்டுச் சாயப்பட்டறைக்கு அனுப்பி, நோட்டில் எழுதினேன். நான்கு நாளில் அரக்கு நிறத்தில், கை வைத்தால் வழுக்கிக்கொண்டு திரும்பி வந்தது. எடை போட்டேன். ஏழரை கிலோ.

ரெண்டு தடவை போட்டேன். தராசை மாற்றிப் போட்டேன். ஏழரைதான். கிலோவுக்குக் கால் கிலோ காணோம். சேர்ந்த வாரமே பெரிய திருட்டைக் கண்டுபிடித்த பெருமையில், குறைவு 2.500 என்று சிவப்பு மையில் எழுதி, பட்டறைக்கே சைக்கிளில் போய்விட்டேன். சாயக்காரர் தொட்டியில் கழி போட்டு நூலைப் புரட்டிக்கொண்டிருந்தார். நான் கேட்டதை முழுக்கக் கேட்டுவிட்டு, கழியாலேயே வாசல் பக்கம் காட்டினார். "உன் ரெண்டரை கிலோ சாக்கடையில போய்க்கினு இருக்குது தம்பி. ஓடிப்போய்ப் புடி."

பட்டுப்புழு நூலை நூலாக மட்டும் விடுவதில்லை. ஃபைப்ராயின் என்கிற இழை உள்ளே, அதைச் சுற்றிச் செரிசின் என்கிற பசை வெளியே. கூடு பிரியாமல் இருக்கப் புழு பூசுகிற பசை அது. எடையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு அதுதான். சோப்பும் சோடாவும் போட்ட தண்ணீரில் கொதிக்கக் கொதிக்க வேக வைத்தால் பசை ஊறி, உடைந்து, கரைந்து போகும். அப்புறம்தான் பட்டுக்குப் பளபளப்பு வரும். தொழிலில் இருக்கிற சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். கணக்குப்பிள்ளைக்குத்தான் தெரியவில்லை.

என் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது என்பதைப் பிற்பாடு தெரிந்துகொண்டேன். எடை காணாமல் போகாது, வேறெங்காவது போயிருக்கும் என்று தராசை வைத்து உலகத்துக்குக் காட்டிய லவாய்சியே, பிரான்சில் வரி வசூலிக்கும் நிறுவனத்தில் பங்குதாரர். கணக்குப் பார்க்கிறவர் புத்திதான் அது. அவரை அந்த வரி வசூலுக்காகவே 1794-இல் கில்லட்டினில் ஏற்றினார்கள். என்னைச் சாயக்காரர் ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

போன எடையை ஈடுகட்டப் பார்த்தவர்களும் உண்டு. ஐரோப்பாவில் 19-ஆம் நூற்றாண்டில் பட்டை வெள்ளீய உப்பில் ஊறவைத்துக் கனம் ஏற்றி விற்றார்கள். அந்தத் துணிகள் யாரும் உடுத்தாமல் அலமாரியில் இருந்தபடியே இழை இழையாகக் கிழிந்தன. இன்றைக்கும் அருங்காட்சியகங்களில் அவற்றைக் கை வைக்க விடுவதில்லை.

"சரி, வேக வைக்கிறது எந்தக் கட்டம்?" என்றாள் மகள்.

நூலைக் கேட்டால் இயற்பியல். சட்டையைக் கழற்றின மாதிரி, உள்ளே இருப்பவன் அதே ஆள். பசையைக் கேட்டால் வேதியியல். பெரிய மூலக்கூறு துண்டு துண்டாகிவிட்டது. கோட்டின் மேலேயே எழுதச் சொன்னேன். டீச்சர் அடிப்பாங்க என்றாள். அப்படியானால் ரெண்டு கட்டத்திலும் பாதிப் பாதி எழுது என்றேன். தாய்க்கிழவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

புழு வயிற்றில் பட்டு வெறும் கூழ். தலையை எட்டுப் போடுகிற மாதிரி ஆட்டி ஆட்டி இழுக்கும்போது அந்தக் கூழின் மூலக்கூறுகள் வரிசையில் நின்று நூலாகிவிடுகின்றன. ஒரு கூட்டில் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர். புதுப் பொருள் ஒன்றும் சேரவில்லை, இருந்ததுதான் நிமிர்ந்து நின்றது. ஆனால் அதை எந்தத் தண்ணீரில் போட்டாலும் திரும்பக் கூழாகாது. திரும்பாத இயற்பியல் மாற்றம். எங்கள் ஊர் பிழைப்பே அதில்தான் ஓடுகிறது. திரும்பவே திரும்பாது என்று எல்லாரும் சொன்ன அவித்த முட்டையைக்கூட, யூரியாவில் கரைத்துச் சுழலவிட்டு, வெள்ளைக்கருவின் ஒரு புரதத்தைப் பழையபடி ஆக்கிக் காட்டினார்கள் கலிபோர்னியா, ஆஸ்திரேலியா விஞ்ஞானிகள். அதற்கு 2015-இல் இக்நோபல் பரிசு கொடுத்தார்கள். முதலில் சிரிக்கவும் பிறகு யோசிக்கவும் வைக்கிற ஆராய்ச்சிக்குத் தருவது அது. அவித்த முட்டையும் கோட்டின் மேல் போனது.

கரண்ட் வந்தது. எதிர்வீட்டு அக்காவும் வந்தார். சுற்றுலா போன இடத்தில் அசல் பட்டு என்று சல்லிசாக ஒரு புடவை வாங்கி வந்தவர், எங்கள் வீட்டில் விளக்கு எரிவதைப் பார்த்து, ஆயாவிடம் காட்டிப் போகலாம் என்று அந்த நேரத்தில் எடுத்து வந்துவிட்டார். ஆயா புடவையைத் தடவவில்லை, உரசவில்லை. முந்தானைக் குஞ்சத்திலிருந்து ஒரு இழை உருவி, அணைக்காமல் இருந்த மெழுகுவர்த்தியில் காட்டினாள். இழை சுருண்டு, உருகி, நுனியில் கடுகு அளவுக்குக் கறுப்பு மணியாக நின்றது. நசுக்கினால் நசுங்கவில்லை. பிறகு தன் தார்ப்பெட்டியிலிருந்து ஒரு பட்டு இழையை எடுத்துக் காட்டினாள். தலைமுடி பொசுங்குகிற நாற்றம் வந்தது. தீயை விட்டு எடுத்ததும் தானே அணைந்தது. மிச்சத்தை விரலில் தேய்த்தால் விபூதி மாதிரி பொடிந்தது. முடியும் பட்டும் புரதம். அதனால் ஒரே நாற்றம்.

"பாலியஸ்டர்மா. தொவைக்க சுளுவு" என்றாள் ஆயா, ஆறுதலாக. உருகினது இடது, பொசுங்கினது வலது என்று மகள் எழுதிக்கொண்டாள். அக்காவின் முகத்தில் நடந்ததை எழுத வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன்.

ஒன்பது ஆகிவிட்டது. பத்தாவதுக்கு என்ன என்று யோசித்தபோது சமையலறையிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "சாம்பார் வாளிய எழுதச் சொல்லுங்க."

மூன்று வருஷமாக இந்தப் பேச்சு எப்போது வரும் என்று பயந்துகொண்டிருந்தேன். மைத்துனன் கல்யாணத்துக்கென்று எடுத்த சந்தன நிறப் பட்டு, மெல்லிசான ஜரிகைக் கரை. பந்தியில் ஆள் குறைகிறதே என்று சம்பந்தி மரியாதைக்கு நான் சாம்பார் வாளியைத் தூக்கினேன். முதல் இலைக்குப் போவதற்குள், எதிரே தண்ணீர் வைத்துக்கொண்டு வந்தவள் மேல் ஒரு கரண்டி. மஞ்சள் கறை, ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு.

அதோடு விட்டிருந்தால் பிழைத்திருப்பேன். வீட்டுக்கு வந்து, அவள் தூங்கின நேரம் பார்த்து, துணி சோப்பை எடுத்துக் கறையில் தேய்த்தேன். கறை மஞ்சளிலிருந்து ரத்தச் சிவப்புக்குப் போனது. இன்னும் தேய்த்தேன், இன்னும் சிவந்தது. முழங்கை வரைக்கும் நுரையோடு நான் நிற்க, பின்னால் வந்து எட்டிப் பார்த்த அம்மா சொன்னாள்: "இன்னாடா, ஆரத்தி கரைச்சு வச்சிருக்க?"

அதேதான். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் ஆரத்தித் தண்ணீர் சிவக்கிறதே, சோப்பில் நடந்ததும் அதுதான். சுண்ணாம்பும் காரம், சோப்பும் காரம். அம்மா எலுமிச்சம்பழ மூடி ஒன்றைத் தண்ணீரில் பிழிந்து, கறையில் ஒத்தினாள். என் கண் முன்னாலேயே சிவப்பு இறங்கி மஞ்சளானது. வேதியியல் மாற்றம், ஆனால் திரும்பிவிட்டது. "சாயத் தொட்டியில ஆசிட் ஊத்தித்தானே பட்டுக்குச் சாயம் புடிக்க வைக்கிறாங்க. புளிப்பு பட்ட ஒண்ணும் செய்யாது. உன் சோப்புதான் கெடுக்கும்" என்றாள். பசையை உரிக்க வல்ல காரம், ஓவராகப் போனால் நூலையும் விடாது. நான் பள்ளிக்கூடத்தில் லிட்மஸ் தாள் பார்த்திருக்கிறேன். அம்மா பள்ளிக்கூடமே பார்த்ததில்லை.

மகள் பத்தாவதாக எழுதினாள்: மஞ்சள் கறை, வேதியியல் மாற்றம், மீளும். மறுநாள் நோட்டு திருத்தி வந்தது. பத்துக்கு எட்டு. பட்டுக்கும் முட்டைக்கும் சுழித்திருந்தார்கள், ஒரு கட்டத்தில்தான் எழுத வேண்டுமாம். மஞ்சளுக்கு மட்டும் சரி போட்டு, பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு வரி: "நாளை வகுப்புக்கு மஞ்சள், சுண்ணாம்பு, எலுமிச்சை கொண்டு வா."

நீங்கள் பட்டு உடுத்திப் பந்திக்குப் போகிறவராக இருந்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். குழம்பு பட்டால் துணி சோப்பைத் தொடாதீர்கள். பச்சைத் தண்ணீரில் ஒத்தியெடுத்து, டிரை கிளீனிங்குக்குக் கொடுத்துவிடுங்கள். எங்கள் வீட்டுச் சந்தனப் பட்டு பீரோவில்தான் இருக்கிறது. கொசுவத்தின் மூன்றாவது மடிப்பில் கறை அப்படியே இருக்கிறது, நல்ல மஞ்சளாக.